வளவுக் கோப்பி: பாடப்புத்தகம் விட்ட வரலாறும் குறைந்த செலவில் நல்ல கோப்பியும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

நமது சாதாரண தர வரலாற்றுப் பாடத்தில் கோப்பிக்குச் சில பந்திகள் இருக்கின்றன. ஜோர்ஜ் பேர்ட், எட்வேர்ட் பார்ன்ஸ், 1840 காணிச் சட்டம், கண்டி ரயில் பாதை, இலைநோய், பிறகு ஜேம்ஸ் டெய்லரின் தேயிலை. மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். நாமும் சரி போட்டுப் புள்ளி கொடுக்கிறோம். அதை வாசித்து முடிக்கும் பிள்ளைக்கு, கோப்பி என்பது வெள்ளைக்காரத் துரை நட்டு, விற்று, நோய் வந்து அழிந்துபோன ஒரு பயிர் என்றே மனதில் பதியும். அதைக் குடித்தவர் யார், வறுத்தவர் யார், உரலில் இடித்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை.

இப்போது இதை ஏன் எழுதுகிறோம் என்றால், 2022 நெருக்கடிக்குப் பிறகு நம் வீடுகளில் பால்மா கணக்கும் கேஸ் கணக்கும் மாறிவிட்டன. மாதச் சம்பளக்காரர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. அதே காலத்தில் இளசுகளிடம் கோப்பி ஆசை கூடியிருக்கிறது. கொழும்பிலும் கண்டியிலும் புதுப்புது கோப்பிக் கடைகள். வீட்டிலோ மூன்றும் கலந்த சிறு பக்கற்றுகள். "நல்ல கோப்பி குடிக்க மெஷின் வேணும், காசு வேணும்" என்று நம் பிள்ளைகள் நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

கோப்பியின் வரலாறு இதற்கு மாறான ஒன்றைச் சொல்கிறது. கோப்பி தொடங்கியது காசில்லாதவர்களின் பானமாக. நமது நாட்டில் பெருந்தோட்டம் விழுந்த பிறகு அதைக் காப்பாற்றி வைத்ததும் வீட்டு வளவுகளே. நல்ல கோப்பிக்குத் தேவையான வேலைகளில் பெரும்பாலானவை நம் உம்மும்மாமாருக்குத் தெரிந்திருந்தன. அவர்களால் திருத்த முடியாமல் போன ஓரிரு விடயங்களை இன்று நாம் செலவில்லாமலே திருத்தலாம்.

*யெமனின் சிவப்பு மண்பாத்திரம்*

கோப்பிச் செடியின் தாய்நிலம் எத்தியோப்பியா. அதைப் பானமாக்கிப் பரப்பியவர்கள் யெமன் நாட்டு ஸூஃபிகள், 15ஆம் நூற்றாண்டில். இரவு திக்ர் மஜ்லிஸ்களில் தூக்கம் கண்ணைக் கட்டாமல் இருக்க இதைக் குடித்தார்கள். பகலில் அவர்கள் வேலைக்குப் போகும் சாதாரண மனிதர்கள். உழைத்துக் களைத்த உடம்போடு இரவில் விழித்திருக்க ஏதாவது தேவைப்பட்டது.

அப்துல் காதிர் அல்-ஜஸீரி என்ற அறிஞர் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பி ஹலால் என்பதை நிறுவ ஒரு நூலே எழுதினார். கோப்பியின் ஆரம்ப வரலாறு பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த நூலில் இருந்துதான் கிடைக்கிறது. கெய்ரோவில் அல்-அஸ்ஹரைச் சேர்ந்த யெமன் நாட்டவர் பகுதியில், திங்கள் இரவும் வெள்ளி இரவும் எப்படிக் கோப்பி குடித்தார்கள் என்று அதில் ஒரு வர்ணனை வருகிறது. பெரிய சிவப்பு மண்பாத்திரம் ஒன்றில் கோப்பி இருக்கும். அவர்களின் தலைவர் சிறிய அகப்பையால் அள்ளி வலப்பக்கமாகக் கொடுத்து வருவார். கூடியிருந்தோர் திக்ர் சொல்லியபடி குடிப்பார்கள். ஒரு மண்பாத்திரமும் ஒரு அகப்பையும் தவிர வேறு உபகரணம் எதுவும் அந்த வர்ணனையில் இல்லை.

1511இல் மக்காவில் காயிர் பேக் என்ற மம்லூக் அதிகாரி கோப்பியைத் தடை செய்தார். மக்கள் கூடிப் பேசும் இடங்களை அதிகாரம் எக்காலத்திலும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். கெய்ரோவில் இருந்த மேலிடம் அந்தத் தடையை முழுமையாக ஏற்கவில்லை. தடை நிலைக்கவும் இல்லை. 1550களில் இஸ்தன்பூலில் கோப்பிக் கடைகள் திறந்தாயிற்று.

யெமனில் இன்றும் இருக்கும் இன்னொரு பழக்கம் நம் தலைப்புக்கு மிகப் பொருத்தமானது. கோப்பிக்கொட்டை ஏற்றுமதிக்குப் போக, அதன் உலர்ந்த தோலை இஞ்சியோடு காய்ச்சிக் குடிப்பார்கள். 'கிஷ்ர்' என்பது அதன் பெயர். கொட்டையை விட மலிவு. தோலும் இஞ்சியும் சேர்ந்தால் நல்ல மணமான பானம். விலையான பகுதி கப்பலேறிப் போன பிறகு மிஞ்சியதை வைத்து ருசி கண்டுபிடித்தவர்கள் அவர்கள். நமது இஞ்சிக் கோப்பிக்கும் கிஷ்ருக்கும் நேரடி உறவு உண்டென்று சொல்ல ஆதாரம் இல்லை. குறைந்த செலவில் நல்ல பானம் வேண்டும் என்ற தேவை மட்டும் இரண்டுக்கும் பொது.

*தவளம் போன பாதை*

இலங்கைக்குக் கோப்பிச் செடி போர்த்துக்கேயருக்கு முன்பே அரேபியாவில் இருந்து வந்தது என்று 1859இல் வெளியான தன் நூலில் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் எழுதினார். அவர் இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்தவர். சிங்கள மக்கள் அந்நாளில் பானம் தயாரிக்க அறியாமல் இலையைக் கறிக்கும், பூவை விகாரைப் பூசைக்கும் பயன்படுத்தினர் என்பதும் அவர் தரும் தகவல். அந்த வெள்ளைப் பூவின் மணம் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மல்லிகையைப் போன்ற மணம்.

ஒல்லாந்தர் கரையோரத் தாழ்நிலத்தில் நட்டுப் பார்த்தார்கள். சரிவரவில்லை. அவர்களுக்கு ஜாவா இருந்தது. ஆகவே இங்கே பெரிதாக அக்கறை காட்டவில்லை. ஆனால் கண்டி இராச்சியத்தின் கிராமங்களில், பலாவுக்கும் வாழைக்கும் கமுகுக்கும் நடுவே, கோப்பி தன்பாட்டில் வளர்ந்தது.

அந்தக் கோப்பியை மலையில் இருந்து கீழே கொண்டுவந்தவர்கள் யார்? மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பகுதி இது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டியரசன் செனரத் அவர்களை ஏற்றுக் கிழக்கில் பெருமளவில் குடியமர்த்தினான் என்பது நமக்குத் தெரியும். மலைநாட்டுக் கிராமங்களிலும் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். கண்டியரசின் 'மடிகே' என்ற போக்குவரத்துப் பிரிவில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தார்கள். 'தவளம்' என்பது பொதிமாட்டுக் கூட்டம். கரையில் இருந்து உப்பு, கருவாடு, புடைவை மேலே போகும். மலையில் இருந்து பாக்கு, மிளகு, பிறகு கோப்பி கீழே வரும். வண்டி ஓடும் வீதி இல்லாத காலத்தில் கணவாய்களையும் ஆற்றுத் துறைகளையும் அறிந்தவர்கள் இந்த மாட்டுக்காரர்கள்.

ஒரு வகுப்பில் பெருந்தோட்டப் பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இதுல எங்கட ஆக்கள் எங்க?" அந்தக் கேள்விக்குத் தவளம் ஒரு பதில். இந்த மண்ணில் நமது இருப்பு பற்றிக் கேள்வி எழுப்பப்படுகிற காலத்தில் வளர்கிற பிள்ளைகள் அவர்கள். கிராமத்துச் சிங்கள விவசாயியின் வளவுக் கோப்பி நமது முன்னோரின் மாட்டு முதுகில் ஏறித்தான் சந்தைக்குப் போனது என்று அறிவது, எந்த மேடைப் பேச்சையும் விட அவர்களுக்கு உதவும். முழு உண்மையையும் சொல்ல வேண்டும். முன்பணம் கொடுத்து விளைச்சலைக் குறைந்த விலைக்குப் பிடிக்கும் வழக்கமும் அந்த வியாபாரத்தில் இருந்தது. வரலாற்றில் நம் ஆட்களைத் தேடும்போது அவர்களின் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

*துரைமார் காலம்*

1815இல் கண்டி வீழ்ந்தது. 1820களின் முற்பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சிங்கப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் தொடங்கினார். ஆளுநர் பார்ன்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொறுவவில் தானே தோட்டம் வைத்தார். கோப்பிக்கு வரிச் சலுகையும் கொடுத்தார். 1835இல் பிரித்தானியச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் ஒரே தீர்வை என்றானது. அதன்பின் மலைக்கு ஒரே ஓட்டம். அரச அதிகாரி, இராணுவ அதிகாரி என்று எல்லோரும் காணி வாங்கினார்கள். 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டு நிலத்தையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கியது. 1847இல் விலை விழுந்தது. 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. பிறகு மீண்டும் நிமிர்ந்து, 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. 1870களில் பிரேசிலோடும் ஜாவாவோடும் சேர்த்துச் சொல்லப்படும் கோப்பி நாடாக இலங்கை இருந்தது. உச்சத்தில் சுமார் 275,000 ஏக்கர்.

இந்த ஏக்கர்களை உண்டாக்கியவர்கள் தென்னிந்தியாவில் இருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். பாக்கு நீரிணையைக் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை நோக்கி நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே இறந்தோர் ஏராளம். கோப்பி அறுவடை பருவத்துக்கு உரியது. அதனால் பலர் அறுவடை முடிந்து திரும்பிப் போய் மறுபடி வந்தார்கள். அந்தப் பாதையை மீண்டும் மீண்டும் நடந்தார்கள். ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலை வந்த பிறகுதான் லயன் அறைகளில் நிரந்தரமாகக் குடியிருக்கும் நிலை வந்தது. கோப்பி பற்றி எழுதும் எந்தப் பதிவும் இவர்களைத் தாண்டிப் போகக் கூடாது.

அந்நாளில் ஏற்றுமதியானது தோட்டக் கோப்பி மட்டும் இல்லை. கிராமத்து வளவுக் கோப்பியும் கணிசமாகப் போனது. ஆனால் இலண்டனில் அதற்கு விலை குறைவு. பழுத்ததும் காயுமாகச் சேர்த்து உருவுகிறார்கள், மண் தரையில் போட்டு உலர்த்துகிறார்கள் என்று துரைமார் குறை சொன்னார்கள். குறை உண்மையாகவே இருந்திருக்கலாம். காரணம் தேடத் தூரம் போகத் தேவையில்லை. பழுத்ததற்குத் தனி விலை கொடுக்காத வியாபாரிக்காக யார் மூன்று நான்கு தடவை மரத்தைச் சுற்றிப் பழுத்ததாகப் பார்த்துப் பறிப்பார்? முன்பணம் வாங்கிக் கடனில் இருப்பவர் அவசரமாக உருவிக் கொடுக்கத்தான் பார்ப்பார்.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள். கீழே செய்முறைக்கு வரும்போது தேவைப்படும்.

*1869*

அந்த ஆண்டு மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் தெரிந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வெய்ட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்லி என்ற பூஞ்சணவியலாளர் தன் சகாவோடு சேர்ந்து 'ஹெமிலியா வஸ்டாற்றிக்ஸ்' என்று பெயரிட்டார். பெயரின் இரண்டாவது பாதி நாசம் செய்வது என்று பொருள்படும். 1880இல் மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார். வித்திகள் காற்றில் பரவி, ஈரமான இலையில் முளைத்து உள்ளே புகுகின்றன என்று காட்டினார். மலைமேல் மலையாகக் காட்டை அழித்து ஒரே பயிரை நட்டால் நோய்க்கு நாமே பாதை போட்டுக் கொடுக்கிறோம் என்பது அவரது ஆய்வில் இருந்து கிடைத்த பெரிய பாடம். அவர் வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலையெங்கும் ஏறியது.

இங்கே ஒரு சிறு திருத்தம். இலங்கையில் கோப்பி அழிந்ததால்தான் ஆங்கிலேயர் தேநீர் குடிக்கத் தொடங்கினார்கள் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. தவறு. அதற்கு நூறு வருடம் முன்பே, 18ஆம் நூற்றாண்டிலேயே, அவர்கள் தேநீர்க்காரர்கள். மாறியது அவர்களின் தேயிலை வரும் இடம். பிறகு மாறியது நமது பழக்கம். பிளேன்டீ நம் நாட்டின் பானமானது.

இலைநோய் கிராமத்து மரங்களையும் விடவில்லை. ஏற்றுமதிப் பொருளாக வளவுக் கோப்பியும் முடிந்துபோனது. ஆனால் ஒரு தோட்டத்துரைக்கு ஏக்கருக்கு இத்தனை அந்தர் கிடைத்தால்தான் வங்கிக்கடன் கட்ட முடியும். வளவில் நாலு மரம் வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு இல்லை. விளைச்சல் குறைந்தாலும் வீட்டுக்குப் போதும். அதனால் வெட்டவில்லை. பின்னால் நோயை ஓரளவு தாங்கும் ரொபஸ்டா வகையும் வந்து வளவுகளில் சேர்ந்துகொண்டது. அக்குறணை, மாவனல்லை, கம்பளைப் பக்கத்து வளவுகளில் மிளகுக் கொடிக்கும் கராம்புக்கும் நடுவே நிற்கும் கோப்பி மரம் இந்த நீண்ட கதையின் மிச்சம்.

வீட்டுக்குள் கோப்பியின் வேலையும் மாறியது. விருந்தாளிக்குத் தேநீர், தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் மல்லியும் இஞ்சியும் போட்ட கோப்பி என்றாயிற்று. மௌத்து வீட்டில் இரவு விழித்திருப்போருக்குக் கோப்பி. நோன்பு காலத்தில் தராவீஹ் முடித்து வருவோருக்குக் கோப்பி. கை வெட்டுப்பட்டால் காயத்தில் அப்பவும் கோப்பித்தூள். (இந்தக் கடைசிப் பழக்கத்தை விட்டுவிடுவோம். காயத்துக்குச் சுத்தமான தண்ணீரும் மருந்தும் போதும்.)

*இனி அடுப்படிக்கு*

வரலாற்றில் இருந்து எடுத்த பாடங்களை வைத்துக் குறைந்த செலவில் செய்யக்கூடியது இது. தேவை ஒரு தாச்சி, ஒரு சுளகு, ஒரு மூடிபோட்ட பாத்திரம், ஒரு வடி. இவை எல்லா வீட்டிலும் உண்டு.

மரம் இருப்பவர்கள் முதலில் சிவந்து பழுத்ததை மட்டும் பறியுங்கள். அக்காலக் கிராமத்தவருக்கு அதற்கு விலை கிடைக்கவில்லை. நமக்கோ குடிப்பது நாமே. பறித்ததைத் தண்ணீரில் போட்டு மிதப்பதை அகற்றிவிடுங்கள். அவை பூச்சி அரித்தவை அல்லது உள்ளே முற்றாதவை. மிச்சத்தைப் பாயிலோ வலையிலோ மெல்லியதாகப் பரப்பி உலர்த்துங்கள். மண்ணில் நேரே போட்டால் மண்வாடையும் பூஞ்சணமும் ஏறும். தினமும் பல தடவை கிளறி, இரவில் மூடி வைக்க வேண்டும். வெயிலைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை சலசலக்கும். அப்போது உரலில் மெதுவாகக் குற்றித் தோலைப் புடைத்து எடுக்கலாம். ஐந்தாறு கிலோ பழத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ பச்சைக்கொட்டை கிடைக்கும்.

மரம் இல்லாதவர்கள் மலைநாட்டுச் சந்தைகளில் பச்சைக்கொட்டையைக் கேட்டு வாங்குங்கள். வறுக்காத கொட்டை ஈரம் படாமல் பல மாதம் கெடாது. வறுத்தது சில கிழமைகளில் மணம் இழக்கும். இடித்த தூள் அதைவிட விரைவாக இழக்கும். நல்ல கோப்பியின் பெரிய இரகசியம் இதுதான். எவ்வளவு விலையான தூளாக இருந்தாலும் கடைத் தட்டில் மாதக்கணக்கில் கிடந்தால், நேற்று வறுத்து இன்று இடித்த சாதாரணக் கொட்டையின் மணம் அதில் வராது.

வறுப்பதற்குக் கனமான தாச்சி நல்லது. நடுத்தர நெருப்பு. கை ஓயாமல் கிளற வேண்டும். பச்சை மஞ்சளாகும், வைக்கோல் மணம் வரும், பிறகு மண்ணிறமாகும். சோளம் பொரிவது போல் வெடிக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு ஓரிரு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். மொத்தம் பதினைந்து இருபது நிமிட வேலை. பழைய பழக்கத்தில் பலர் கரியாகும் வரை வறுப்பார்கள். கரி எல்லாக் கொட்டையையும் ஒரே ருசிக்குக் கொண்டுவந்துவிடும். இறக்கியதும் சுளகில் கொட்டி விசிறி ஆற்றுங்கள். தாச்சியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே தொடர்ந்து கருகும். ஒரு கிலோ பச்சைக்கொட்டை வறுத்தபின் சுமார் 800 முதல் 850 கிராமாகக் குறையும். ஒரு நாள் ஆறவிட்டு இடிப்பது நல்லது.

மல்லி, சீரகம் சேர்ப்பவர்கள் அவற்றைத் தனியாக வறுங்கள். கோப்பி வறுபடும் நேரத்தில் மல்லி கருகிப்போகும். ஒரு கிழமைக்குத் தேவையான அளவை மட்டும் இடித்து அல்லது அரைத்து, காற்றுப் புகாத உலர்ந்த போத்தலில் அடைத்து அலுமாரியில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம்.

தூளாகவே வாங்குபவர்களுக்கு ஒரு சோதனை. ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். கோப்பித்தூள் சற்று நேரம் மேலே மிதக்கும், நிறம் மெதுவாக இறங்கும். சிக்கரி கலந்திருந்தால் அது உடனே கீழே போய்ப் பழுப்புக் கோடு கோடாக நிறம் விடும். மூன்றும் கலந்த பக்கற்றின் பின்பக்கத்தையும் ஒருமுறை வாசியுங்கள். சேர்மானங்களை அதிகமானதில் இருந்து குறைந்ததற்கு வரிசையாக எழுதுவார்கள். பெரும்பாலும் முதலில் சீனி, அடுத்து பால் போன்ற ஒரு தூள், அதற்கும் பிறகுதான் கோப்பி. நாம் கோப்பி விலை கொடுத்துச் சீனி வாங்குகிறோம்.

காய்ச்சும் முறை இது. ஒரு கோப்பைக்கு, அதாவது 180 மில்லிலீற்றர் தண்ணீருக்கு, மட்டமாக அள்ளிய இரண்டு மேசைக்கரண்டி தூள். ஏறத்தாழ 10 கிராம். கேத்தலில் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை நிறுத்தி அரை நிமிடம் விடுங்கள். தூளின் மேல் ஊற்றி ஒருமுறை கலக்கி மூடுங்கள். நான்கு நிமிடம். மேலே ஏடுபோல் நிற்கும் தூளைக் கரண்டியால் மெல்லத் தட்டினால் கீழே இறங்கும். ஒரு தேக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் தெளித்தால் மண்டி இன்னும் விரைவாக அடங்கும். பிறகு ஆட்டாமல் வடித்துக் குடியுங்கள். துணி வடி பாவிப்பவர்கள் அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம். சுடுதண்ணீரில் அலசி நன்கு காயவிட்டால் போதும்.

தூளைப் போட்டபின் தளதளவென்று கொதிக்க விடுவது நம் வீடுகளில் வழமை. அதனால் கசப்புத்தான் கூடுகிறது. அந்தக் கசப்பை மறைக்க மேலும் சீனி, மேலும் பால்மா. மூடி வைத்து ஊறவிட்டால் கேஸும் மிச்சம், சீனியும் மிச்சம். நம் வளவுகளில் அதிகம் இருப்பது ரொபஸ்டா. அரபிக்காவை விட அதில் கஃபீன் ஏறத்தாழ இரண்டு மடங்கு, கசப்பும் கூட. அதற்கு ஒரு துண்டு இஞ்சியும், கடித்துக் குடிக்கச் சிறு துண்டு கித்துள் கருப்பட்டியும் நன்றாகப் பொருந்தும். இதயப் படபடப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் தூளில் 10 கோப்பை. ஒரு கிலோ பச்சைக்கொட்டையில் 80 கோப்பை. உங்கள் ஊர் விலையைப் போட்டு வகுத்து, கடையில் ஒரு கோப்பைக்குக் கொடுக்கும் காசோடு ஒப்பிடுங்கள். தரம் ஏழு பிள்ளைக்குக்கூட நல்ல விகிதக் கணக்கு அது.

*நாம் இழந்துகொண்டிருப்பது*

வளவுகள் சுருங்குகின்றன. வீடு பெருப்பிக்கவும் மதில் கட்டவும் வாகனம் நிறுத்தவும் முதலில் வெட்டப்படுவது கோப்பி மரம்தான். அதற்குத் தேக்கின் விலையும் இல்லை, மிளகின் விலையும் இல்லை. வறுக்கத் தெரிந்த கைகளும் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. எந்த மணத்தில் நெருப்பைக் குறைக்க வேண்டும், எந்தச் சத்தத்தில் இறக்க வேண்டும் என்பதை அவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. இலைநோயும் வங்கி முறிவும் அழிக்காத ஒன்றை நாம் கவனிக்காமலே தொலைத்துவிடும் நிலை.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் பெருந்தோட்டப் பாடம் வரும்போது ஒரு சிறு ஒப்படை கொடுத்துப் பாருங்கள். வீட்டிலோ அயலிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் பிள்ளை போய், கோப்பி எங்கே இருந்து வந்தது, எப்படி வறுத்தார்கள், யார் இடித்தார்கள், யாருக்கு விற்றார்கள் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வரட்டும். முஸ்லிம் வீட்டில் தவளம் பற்றிய ஒரு சொல் கிடைக்கலாம். தோட்டத்து வீட்டில் மாத்தளைப் பாதை பற்றிய ஒரு நினைவு கிடைக்கலாம். சிங்கள அயலவரிடம் வளவு மரத்தின் கதை கிடைக்கலாம். மூன்றையும் ஒரே வகுப்பில் வாசிக்க வைத்தால் பாடப்புத்தகத்தின் அந்தச் சில பந்திகளுக்கு உயிர் வரும்.

இடம் இருப்பவர்கள் இரண்டு கன்றாவது நடுங்கள். கோப்பியும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் கவனிக்கும் பயிர்களில் ஒன்று. உங்கள் பகுதி உத்தியோகத்தரிடம் கன்று பற்றி விசாரிக்கலாம். நிழலைத் தாங்கும் செடி. பலா மரத்தின் அரை நிழலிலும் வளரும். மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். மண்டியை வீசாமல் அதன் அடியிலேயே போடுங்கள்.

உங்கள் ஊரில் இன்னும் கோப்பி வறுப்பவர்கள் இருந்தால் அவர்களின் முறையையும், அதோடு என்னென்ன சேர்ப்பார்கள் என்பதையும் எழுதுங்கள். ஊருக்கு ஊர் மாறும் அந்தச் சேர்மானங்களை ஒரே இடத்தில் தொகுத்து வைக்க விரும்புகிறோம், இன்ஷா அல்லாஹ்.